ஜிரெல் மறுபடி பாடமாட்டாள்

"கடவுளே இறங்கி வந்து, முன்வரிசையில உக்காந்து, தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டுக் கேட்டாலும் சரி, பாடின பாட்டை ரெண்டாவது தடவை பாடமாட்டா இந்த ஜிரெல்."

மார்செய் துறைமுகத்தில், மீன்கடைகளுக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில், பிளந்த கிளிஞ்சல் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஜிரெல் இதைச் சொன்னபோது பக்கத்தில் ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு பாதிரியாரும் இருந்தார்கள். பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். பாதிரியார், மேடைப் பாட்டுக் கேட்கும் வழக்கம் கடவுளுக்கு இல்லை என்று எடுத்துச் சொன்னார்.

"அதனாலதான் சாமி, அவருக்கு இந்த ஊர்ல செல்வாக்கு இல்ல," என்றாள் ஜிரெல், கிளிஞ்சலை உறிஞ்சினாள்.

மறுநாள் அது அச்சில் வந்தது. அச்சில் வந்ததை எங்கள் ஊரில் யாரும் திரும்பப் பெற்றுக்கொண்டதில்லை. பொய்யாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பாட்டுப் பிடித்துப்போனால் எங்கள் ஊர்ச் சபை "பிஸ்" என்று கத்தும். நம் பக்கத்து நாடகக் கொட்டகையில் "ஒன்ஸ்மோர்" என்பார்களே, அதுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பாடகர்கள் உயிரை விடுவார்கள். ஒரு முறை பிஸ் வாங்கியவன் பேரப்பிள்ளைகள் வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். அப்படிப்பட்ட ஊரில், அந்தச் சொல்லைக் கேட்டாலே இடுப்பில் கையை வைத்து முறைத்த ஒரே பாடகி இவள். ஏன் என்பதற்கு அவளுடைய முதல் மேடைக்குப் போக வேண்டும்.

ஜிரெல் என்பது எங்கள் கடலில் கிடைக்கும் விரல்நீள மீன். தண்ணீரில் இருக்கும்வரை மயில்கழுத்து நிறமும் ஆரஞ்சுப் பட்டையுமாக மினுக்கும். சட்டிக்குப் போனால் சூப்புக்கு மட்டும் ஆகும். மேடைக்காக அந்தப் பெயரை வைத்துக்கொண்டவளின் உண்மையான பெயர் அப்பொலோனி குய்ரான். அம்மா சோயே துறைமுகத்தில் மீன் விற்றவள். சோயே தன் கூடைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால், எதிர்க்கரையில் வேறொருத்தியிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பவன் பயந்துபோய்க் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவான். மகளுக்கு அம்மாவிடமிருந்து வந்த ஒரே சொத்து அந்தக் குரல். அது பாடுவதற்கு ஏற்றதா என்று யாரும் அப்போது சோதித்துப் பார்க்கவில்லை.

பதினேழு வயதில் சோதனை நடந்தது. ஃபனால் அரங்கத்தில் வழக்கமாகப் பாடுகிறவளுக்குப் பல்வலி. பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் புனிதவதியின் பெயரும் அப்பொலோனிதான். இதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டு அப்போதைய முதலாளி இவளை மேடையில் தள்ளிவிட்டார். பந்து வித்தைக்காரனுக்கும் பொம்மையைப் பேசவைப்பவனுக்கும் நடுவில் நின்று, பனியில் சிக்கிய அநாதைக் குழந்தை ஒன்றைப் பற்றி அவள் பாடினாள். அது ஆகஸ்ட் மாதம். சபையில் பாதிப் பேர் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் முலாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. அரங்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தக் குழந்தை செத்துப்போனதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது மேலே, கூரைக்கு அடியில் இருக்கும் கடைசி மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த மாடிக்கு எங்கள் ஊரில் கோழிக்கூடு என்று பெயர். உட்காருமிடத்தைப் பார்த்தும் வைத்திருக்கலாம், போடும் சத்தத்தைப் பார்த்தும் வைத்திருக்கலாம். குரல் ஒன்றுதான், கரகரவென்று, நீட்டி இழுத்து வந்தது. ஒரு வினாடி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோழிக்கூடு முழுவதும் பிடித்துக்கொண்டது: பிஸ், பிஸ், பிஸ்.

அப்பொலோனி நம்பினாள். தலை வணங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அநாதைக் குழந்தையை மறுபடியும் பனியில் போட்டுக் கொன்றாள். மறுபடி பிஸ். மறுபடி கொன்றாள். நான்காவது முறை குழல் வாசிக்கிறவர்களால் சிரிப்பில் ஊத முடியவில்லை. பிடிலின் மேல் முலாம்பழத் தோல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மேடை விளிம்புக்கு வந்து, சோயேயின் குரலை எடுத்தாள்.

"எவன்டா மொதல்ல கத்தினது? எழுந்து நில்லு."

கோழிக்கூட்டில் பத்துக் கைகள் ஒரே ஆளைச் சுட்டிக்காட்டின. கறுப்புத் தாடி வைத்த இளைஞன், கழுத்தில் தட்டைத் தொங்கவிட்டவன், எழுந்து நின்றான். கடலைமாவைக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து விற்கும் தூஸான். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக் காட்டினான். அரங்கம் அதிர்ந்தது.

"அந்த எண்ணெயிலயே உன் நாக்கைப் பொரிச்சு எடுக்க," என்றாள் அப்பொலோனி. அதன் பிறகு மீன்சந்தையில் மட்டும் வழங்கும் சில சொற்களைச் சொன்னாள். சபை மூச்சுவிடாமல் கேட்டது. அன்றைக்கு அவர்கள் மனதாரக் கைதட்டியது அந்தச் சொற்களுக்குத்தான்.

முதலாளி புத்திசாலி. "நாளைக்கும் வா. பாட்டு கெடக்கட்டும், கோவத்தை மட்டும் கொண்டுவா," என்றார்.

அவள் கோபத்தைக் கொண்டுவந்தாள். கூடவே வேடிக்கைப் பாட்டுகளும் வந்தன. அநாதைகள் ஒழிந்தார்கள். புதுப் பாட்டுகளில் ஒன்றை ஊரே முணுமுணுத்தது. ஒருத்தியின் புருஷன் தீப்பெட்டி வாங்கிவரக் கடைக்குப் போகிறான். போகிற வழியில் சிநேகிதனைப் பார்த்துக் கப்பலேறிவிடுகிறான். துறைமுகம் துறைமுகமாகப் போகிறான். அவள் விளக்கேற்ற வழியில்லாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரிக்கு முன் ஜிரெல் நிறுத்தி ஒரு மூச்சு விடுவாள். பிறகு, வாத்தியம் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் ரகசியம் சொல்வதுபோல அந்த வரியைச் சொல்லுவாள்: தீப்பெட்டி அவளுடைய மேலங்கிப் பையிலேயேதான் இருந்ததாம்.

அந்த வரி முடியும் முன்பே கத்தல் தொடங்கிவிடும். இந்த முறை நிஜமான பிஸ். அவள் இடுப்பில் கை வைப்பாள்.

"எதுக்கு மறுபடி? மொத தடவை காதை வீட்டுல வெச்சிட்டு வந்தீங்களா?"

"பாடு தாயி, ஒரே ஒரு தடவை."

"வித்த மீனைத் திரும்ப வாங்கி, தண்ணி தெளிச்சு, இன்னொருத்தன் தலையில கட்டறவ எங்கம்மா இல்ல. நானும் இல்ல."

"உங்கம்மா ஒரே மீனை மூணு தடவை வித்ததை நான் பாத்திருக்கேன்," என்றது ஒரு குரல்.

"மூணு தடவையும் வாங்கினது நீதானேடா, கழுதை."

நாளடைவில் மறுப்பு பாட்டைவிட நீண்டுபோனது. பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்தார்கள், அவள் மாட்டேன் என்று சொல்வதைப் பார்க்க. பாடியதற்காகப் புகழ் பெற்றவர்கள் உலகில் நிறைய. பாடாமல் நின்றதற்காகப் புகழ் பெற்றவளை நான் இவள் ஒருத்தியைத்தான் அறிவேன். ஒவ்வொரு நாளும் மறுத்து முடித்ததும் கோழிக்கூட்டை அண்ணாந்து பார்த்து, "என்னடா தாடி, இன்னைக்கும் தோத்தியா?" என்று கேட்பாள். தூஸான் பல் தெரியச் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக் காட்டுவான். ஊர் முழுக்கத் தெரிந்த பகை அது.

அந்தச் சொல்லின் மேல் இருந்த வெறுப்பு மேடையோடு நிற்கவில்லை. அவள் குடியிருந்த வீட்டின் எண் பதினாலு பிஸ். நம் பக்கம் பதினாலு-ஏ என்று போடுவதுபோல, ஒரே எண்ணில் இரண்டாவது வீட்டுக்கு இங்கே பிஸ் என்று போடுவார்கள். குடிவந்த அன்றே அவள் திருப்புளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பதினாலு தங்கியது, பிஸ் சாக்கடைக்குப் போனது. அன்று முதல் அவளுக்கு வந்த பூங்கொத்துகள் எல்லாம் உண்மையான பதினாலாம் எண்ணில் வசித்த பெலிசியே என்ற ஓய்வுபெற்ற சுங்க அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தன. "இரவெல்லாம் உன் தோள்களை நினைத்து" என்று எழுதிய சீட்டோடு வந்த ரோஜாக்களைப் பார்த்த அவர் மனைவி, முதலில் கணவரைச் சந்தேகித்தாள். பிறகு அந்தத் தோள்களைப் புதிய கண்ணோடு பார்க்கத் தொடங்கினாள். அந்தத் தம்பதியின் முதுமை சந்தோஷமாகக் கழிந்ததாகச் சொல்கிறார்கள்.

போர் வந்தது. அரங்கம் சிப்பாய்களால் நிரம்பியது. ஒரு நாள் முன்வரிசையில் ஒரு ஜெனரல், மார்பு நிறையப் பதக்கங்களோடு. பாட்டு முடிந்ததும் அவருடைய உதவியாளன் மேடையருகே வந்து குதிங்காலைத் தட்டி நின்றான்.

"ஜெனரல் அவர்கள் மறுபடி கேட்க விரும்புகிறார், மதாம்."

"அவர் தோத்தாரே, அந்தச் சண்டையை இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லு. ஜெயிச்சா பாடறேன்."

முதலில் சிரித்தவன் பின்வரிசையில் இருந்த ஒரு கால் இல்லாத சிப்பாய். அவன் சிரித்த பிறகு மற்றவர்களைத் தடுக்க முடியவில்லை. ஃபனாலை ஒரு வாரம் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஜிரெல் அந்த ஒரு வாரமும் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து மீன் விற்றாள். வாங்க வந்த சிப்பாய்களின் வரிசை தபால் நிலையம் வரை போனது.

ஜெனரலால் ஆகாததைச் செய்ய லாந்தெல்ம் என்பவர் வந்தார். அரங்கத்தை விலைக்கு வாங்கிய புதிய முதலாளி, லியோன் நகரத்துக்காரர். மென்மையாகப் பேசுவார், கையுறையைக் கழற்ற மாட்டார். ஒரு ஊரில் அனைவரும் கேட்பதை ஒருத்தி தராமல் இருப்பது வியாபாரத்துக்கு ஒவ்வாது என்பது அவருடைய கொள்கை.

"மறுபடி பாடினா உன் பேரு சுவரொட்டியில தலைக்கு மேல நிக்கும். பாடலேன்னா கீழ எறங்கும்."

"எறங்கட்டும் முதலாளி. கீழ இருந்துதான் வந்தேன், வழி தெரியும்."

இறங்கியது. முதலில் கழைக்கூத்தாடிகளுக்குக் கீழே; அடுத்த ஆண்டு பழக்கிய நாய்களுக்குக் கீழே. அதற்கும் அடுத்து, "அரங்கினுள் புகைபிடிக்கலாம்" என்ற அறிவிப்புக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில். எங்கள் ஊர்க்காரர்கள் சுவரொட்டியைக் கீழிருந்து மேலாக வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். இன்றும் கிழவர்கள் சிலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அவர்களுக்குத் தேர்தல் வேட்பாளர்களின் பெயரே தெரிவதில்லை, அச்சகத்தின் பெயர்தான் தெரிகிறது.

பிறகு பேசும் படம் வந்தது. லாந்தெல்ம் ஃபனாலைப் படக்கொட்டகையாக மாற்ற முடிவு செய்தார். வித்தைக்காரர்கள், நாய்கள், எல்லோருக்கும் கணக்குத் தீர்த்தார். கடைசியாக ஜிரெல்லைக் கூப்பிட்டார். அவளுக்கு ஐம்பது ஆகியிருந்தது. அந்த வயதில் அவளை எடுத்துக்கொள்ள வேறு மேடை எதுவும் இந்தக் கரையில் மிச்சமில்லை. அது இருவருக்கும் தெரியும்.

"படம் மாத்தற இடைவேளையில பாட ஒருத்தி வேணும்," என்றார் அவர். "அந்த இடம் உனக்கு. ஆயுசுக்கும். ஒரே நிபந்தனை. வர்ற ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம்தான் கடைசி. அன்னைக்கு ஜனங்க கேக்கும்போது தீப்பெட்டிப் பாட்டை மறுபடி பாடணும். ஒரே தடவை. பேப்பர்ல வரும், அடுத்த வாரம் படத்துக்குக் கூட்டம் வரும்."

"எனக்கு வேற போக்கிடம் இல்லேன்னு தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதான்."

"நல்லது. தெரியாம கேட்டிருந்தா மரியாதையா பதில் சொல்லியிருப்பேன்."

செய்தி ஊருக்குள் கசிந்தது; கசியவிட்டவர் கையுறை அணிந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அரங்கத்தில் ஊசி போட இடமில்லை. ஊர் இரண்டாகப் பிளந்திருந்தது. இத்தனை காலம் பிஸ் என்று கத்தியவர்களில் பாதிப் பேர் இப்போது பாடாதே கட்சி. முப்பது வருட விரதத்தை லியோன்காரன் ஒருவனுக்காக முறிப்பதா என்பது அவர்கள் வாதம். மீதிப் பேர் பாடு கட்சி. அவளை இழக்க அவர்களுக்கு மனமில்லை. தீப்பெட்டிப் பாட்டின் கடைசி வரி முடியும் முன்பே இரண்டு கட்சியும் எழுந்துவிட்டன. பெலிசியே பாடு கட்சி, அவர் மனைவி பாடாதே கட்சி, குடையால் அடித்துக்கொண்டார்கள். கோழிக்கூட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழைய கரகரப்பான குரல் இழுத்து இழுத்து வந்தது. தூஸானின் தாடி வெளுத்திருந்தது, தொண்டை வெளுக்கவில்லை.

மேடையின் ஓரத்தில் லாந்தெல்ம் ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். ஒரே ஒரு தடவை.

ஜிரெல் இடுப்பில் கை வைத்தாள். அரங்கம் அடங்கியது.

"ஒரு நாள் இந்த ஊரு என்னை நாலு தடவை பாட வெச்சுது," என்றாள். "அது போதும் என் ஆயுசுக்கு. கெளம்புங்க. வீட்டுல சூப்பு ஆறும்."

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். குடைகள் தாழ்ந்தன. பிறகு இரண்டு கட்சியும் எழுந்து நின்று கைதட்டின. அவள் திரைக்கு வெளியே தலையை நீட்டவில்லை. கைதட்டலுக்குப் பதில் சொல்வதும் ஒருவகை பிஸ்தான் என்பது அவள் கட்சி. மாலைக்குள் வாசல் சுவரொட்டியின் அடியிலிருந்து அந்த எறும்பு எழுத்தை லாந்தெல்ம் தன் கையாலேயே சுரண்டி எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு.

திங்கட்கிழமை காலையில் ஜிரெல் துறைமுகத்துக்குப் போனாள். தூஸானின் அடுப்பு இருக்கும் மூலைக்கு அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் போனதில்லை. அவன் பலகாரத்தை வாயில் வைத்ததுமில்லை. இன்று போனாள். தோற்றவனை நேரில் பார்க்க வேண்டும்.

"நேத்தும் உன் தொண்டைதான்டா பெருசா கேட்டுது. இப்பக் கத்து பாப்போம். மேடையும் இல்ல, முதலாளியும் இல்ல. முப்பது வருஷமா பிஸ் பிஸ்னு என் உயிரை எடுத்தியே."

தூஸான் சட்டியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நானா? நான் எதுக்கு மதாம் பிஸ்னு கத்தணும்? எனக்கு யாவாரம் இல்லையா?"

"பொய் சொல்லாதே. இந்தக் குரலை நான் கப்பல் சங்குக்கு நடுவுல கூட அடையாளம் கண்டுபிடிப்பேன்."

அந்த நேரம் பார்த்து இரண்டு மாலுமிகள் அந்த வழியே வந்தார்கள். தூஸான் பழக்கத்தில் அவர்கள் பக்கம் திரும்பிக் கூவினான். அவன் விற்ற பலகாரத்துக்கு எங்கள் ஊரில் பனிஸ் என்று பெயர். நாள் முழுக்க ஒரே சொல்லைக் கூவுகிறவர்கள் அதை முழுசாகக் கூவுவதில்லை. முன்பாதி தாடிக்குள் போய்விட்டது. பின்பாதி மட்டும் கரகரவென்று, நீட்டி இழுத்து, துறைமுகம் முழுக்கப் போனது.

"...ஈஸ்."

ஜிரெல் பக்கத்தில் கிடந்த மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த மொத நாள்?"

"மொத நாளும் அதேதான். நீங்க பாடி முடிச்சதும் எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க. சும்மா இருக்கற ஜனத்துக்குப் பசிக்கும். கூவினேன். சுத்தி இருந்த பயலுவ என்னத்தை நெனச்சானுவளோ, பிஸ்னு பிடிச்சுக்கிட்டானுவ. நீங்க எழுந்திருன்னு சொன்னீங்க. வாங்கப்போறீங்க போலன்னு தட்டைத் தூக்கிக் காட்டினேன்." கரண்டியால் ஒரு துண்டைப் புரட்டினான். "அப்பறம் தினமும் நீங்க மேடையில இருந்தே என்னைக் கூப்பிடுவீங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நல்லா வித்துது. தங்கமான மனுஷின்னு வீட்டுல சொல்லுவேன்."

ஒரு ஜெனரல், ஒரு முதலாளி, பதினாலாம் எண்ணில் ஒரு குடும்பம், வருடா வருடம் இறங்கிய ஒரு பெயர், கடைசியில் ஒரு மேடை. இத்தனையும் பாதியில் விழுங்கப்பட்ட ஒரு பலகாரத்தின் பெயர் மேல் நின்றிருந்தன. உலகத்தின் பெரிய சபதங்களைக் கிளறிப் பார்த்தால் அடியில் இப்படி ஏதாவது பொரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"யார் கேட்டா?"

"இனிமேயும் சொல்லாதே. நான் மாட்டேன்னு சொன்னது சரிதான். காரணம்தான் தப்பு."

"சரி மதாம்."

அவன் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரிடமும் சொல்லாத விஷயம் எப்படி எல்லோருக்கும் தெரியவருமோ அப்படித்தான் எனக்கும் தெரியும்.

அவள் எழுந்தபோது தூஸான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அந்தத் தீப்பெட்டிப் பாட்டு. அது கடைசியில என்னதான் ஆகுது?"

"என்ன ஆகுதுன்னா?"

"அவன் கப்பலேறிட்டான். அவ இருட்டுல உக்காந்திருக்கா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அங்க நீங்க ஒரு மூச்சு விடுவீங்க. எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு இருப்பாங்க, அப்பதான் நான் கூவியாகணும். கூவி முடிச்சா ஒரே கூச்சல்."

"பக்கத்துல இருந்தவனைக் கேக்கறதுதானே?"

"தெனம் அங்கயே நின்னவன் பாட்டு எப்படி முடியுதுன்னு கேட்டா சிரிக்க மாட்டானா?"

ஜிரெல் மீன்பெட்டியில் மறுபடி உட்கார்ந்து, சால்வையை இழுத்துவிட்டு, பாடினாள். அரங்கத்துக்கான குரலில் இல்லை. அடுப்புக்கு இந்தப் பக்கம் மட்டும் கேட்கும் குரலில். கணவன் கடைக்குப் போனான், சிநேகிதனைப் பார்த்தான், கப்பலேறினான். தூஸான் கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டான். அவள் இருட்டில் உட்கார்ந்தாள். ஜிரெல் மூச்சு விட்டாள்.

கூவியபடியே தட்டிலிருந்து பனிஸை அள்ளிய முப்பது வருடப் பழக்கம் அவன் கையில் இருந்தது. அந்த மூச்சு வந்ததும் கை தானாகப் போய் ஒரு பிடி பனிஸை அள்ளிக் காய்ந்த எண்ணெயில் போட்டது. சட்டி சீறியது. கடைசி வரி அந்தச் சீறலில் போய்விட்டது.

தூஸான் சட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கேட்க வேண்டிய சொல் அவனுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை.

"கேட்டுதா?" என்றாள்.

"கேட்டுது."

"என்ன ஆச்சு, சொல்லு."

"அவன் திரும்பி வந்துட்டான்."

"வரலை."

தூஸான் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, ஈரச் சாக்கின் மேல் வைத்தான். அது சீறி அடங்கும்வரை ஜிரெல் காத்திருந்தாள். பிறகு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.